சீட்டுப் புண் ஆறி, மறுபடி சைக்கிள் ஏறும்வரை

எங்கள் ஊர்ப்பக்கம் உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி வந்துவிட்டால் அதற்குச் சூட்டுக்கட்டி என்று பெயர். வேனல்கட்டி என்றும் சொல்வார்கள். வைத்தியமும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பதநீர் குடி, நுங்கு சாப்பிடு, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளி, நாலு நாள் கோழிக்கறி வேண்டாம். பாளையங்கோட்டை வெயிலுக்கு இதெல்லாம் உடம்புக்கு இதமானதுதான், நானும் செய்கிறேன். ஆனால் வாரத்துக்கு 100, 150 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிற ஒருவருக்கு அந்த இடத்தில் புண் வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த சீட்டைத்தான். சூடு என்று பெயர் வைத்துவிட்டதால் சீட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டி அமுங்கியதும் அதே சைக்கிள், அதே சீட்டு, அதே தூரம். மூன்றாம் வாரம் கட்டி பழைய இடத்திலேயே வந்து நிற்கும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பினேன். போகவர ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அந்த மாதத்தில் பணகுடியைத் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணமே அதுதான். வீட்டுக்கு வந்து குளிக்கும்போது வலது தொடை பிட்டத்தோடு சேருகிற மடிப்பில் சோப்பு பட்டதும் சுரீர் என்றது. இரண்டாம் நாள் சிவந்தது. நான்காம் நாள் பட்டாணி அளவுக்குக் கட்டி. ஆறாம் நாள் அதுவாகவே உடைந்தது. பத்தாம் நாள் விரலால் தொட்டுப் பார்த்தேன், வலி இல்லை, தோல் மூடியிருந்தது. பன்னிரண்டாம் நாள் அம்பாசமுத்திரம் வரை போய் வந்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் முன்பைவிட மூன்று மடங்கு வீக்கம். கவட்டையில் நெறி கட்டி, நடக்கவே காலை அகட்டி வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் கீறி சீழ் எடுக்க வேண்டி வந்தது. கட்டு மாற்றப் போன ஒரு நாள் அந்த அறுவை சிகிச்சை மருத்துவர் சொன்னார்: "தோல் மூடினது உங்களுக்குத் தெரிஞ்சுது. அடியில என்ன இருந்துதுன்னு தெரிஞ்சுதா?" புண் மூடியதற்கும் புண் ஆறியதற்கும் நடுவே இருக்கிற அந்த நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நாட்களில் அவசரப்பட்டு ஏறியவர்கள்தான் மாதக்கணக்கில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டி வருகிறது.

முதலில் சீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முண்டுகள் தட்டுப்படும். உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை அவைதான். அவற்றின் மேல் இருக்கும் தோலும் கொழுப்பும் அதற்குப் பழகியவை. சைக்கிள் சீட்டு அகலம் குறைந்தது, முன்னால் மூக்கு நீண்டது. கைப்பிடியை எட்டிப் பிடிக்கக் குனியக் குனிய எடை அந்த முண்டுகளை விட்டு முன்னால் கவட்டைப் பக்கம் நகர்கிறது. அங்கே தோல் மெல்லிசு. மயிர்க்கால்கள் அதிகம், காற்று போகாது, எப்போதும் ஈரம். நிமிடத்துக்கு 80 தடவை மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 தடவை ஒவ்வொரு தொடையும் சீட்டின் ஓரத்தை உரசிப் போகிறது. கன்னியாகுமரி போய் வர நான் எட்டரை மணி நேரம் மிதித்தேன்.

அழுத்தம், உரசல், ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் புண். நம் ஊர் வெயில் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துவிடுகிறது. வியர்வை வழியும்போது தோல் ஊறி இளகுகிறது. டீக்கடையில் இறங்கி அரை மணி நேரம் நின்றால் காற்றில் வியர்வை காய்ந்து உப்பு மட்டும் தங்கிவிடும். கறுப்பு அரைக்கால் சட்டையில் வெள்ளை வெள்ளையாக வரி விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பின் மேல்தான் மறுபடி ஏறி உட்காருகிறோம். தச்சர்கள் மரத்தை இழைக்கிற தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர். ஊறிய தோலில் உப்பு செய்கிற வேலையும் ஏறக்குறைய அதுதான்.

"அந்தக் காலத்தில் பால்காரர்கள் நாள் முழுக்க ஓட்டவில்லையா, அவர்களுக்கு இப்படி வந்ததா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்கள் ஓட்டியது ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டு, கைப்பிடி நெஞ்சுக்கு நேரே உயரத்தில். முதுகு நிமிர்ந்திருக்கும், எடை முழுவதும் எலும்பு முண்டுகளின் மேல் விழும். தெருவுக்குத் தெரு இறங்கி ஏறுவார்கள், ஒரே இருப்பில் இரண்டு மணி நேரம் உட்கார்வதில்லை. வருஷக்கணக்கில் தினமும் ஓட்டியதில் தோல் காய்ப்புக் காய்ச்சிப் போயிருக்கும். வாரம் முழுக்க அலுவலக நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் குனிந்து 100 கிலோமீட்டர் ஓட்டுகிற நம் நிலைமை வேறு. அவர்களோடு ஒப்பிட்டு நம் உடம்பைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

எல்லாப் புண்ணும் ஒரே புண் இல்லை. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெறுமனே உரசிச் சிவந்து எரிந்தால் அது மேல்தோலோடு நிற்கிறது. திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தொடையில் வருவதும் இதேதான், தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நடப்பார்கள். அடுத்தது மயிர்க்காலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்பளங்கள். முடியை மழிக்கிறவர்களுக்கு இது அதிகம் வரும். 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்குத் தயாரான பிரிட்டிஷ் பெண்கள் சைக்கிள் அணிக்கு மருத்துவ ஆலோசகர்கள் சொன்ன முக்கியமான யோசனைகளில் ஒன்றே மழிப்பதை நிறுத்துங்கள் என்பதுதான். மூன்றாவது, அந்தக் கொப்பளம் ஆழத்துக்கு இறங்கி உள்ளே சீழ் வைத்த கட்டி. பெரும்பாலும் நம் தோலின் மேலேயே குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் வேலை. நான்காவது கொஞ்சம் வித்தியாசமானது. வலி அதிகம் இல்லாமல் ரப்பர் உருண்டை மாதிரி கவட்டையில் தட்டுப்படும், சீழ் இருக்காது. வருஷக்கணக்கான அழுத்தத்தில் உள்ளே நார்த்திசு கட்டிப்போய் உருவாவது. பல ஆண்டுகள் பந்தயம் ஓட்டியவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறார்கள். அமுக்கினாலும் பற்றுப் போட்டாலும் போகாது, மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

இரண்டு பிட்டங்களுக்கும் நடுவே, வால் எலும்புக்கு மேலே வருகிற கட்டி இவற்றில் சேராது. அது முடி உள்ளே புகுந்து புரையோடுகிற நோய். இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் போன அமெரிக்க வீரர்களுக்கு நிறைய வந்ததால் ஜீப் நோய் என்றே பெயர் வந்தது. ஆசனவாய் ஓரமாகத் திரும்பத் திரும்பச் சீழ் வந்தால் பௌத்திரமாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போர்டு மாட்டிய "மூலம் பௌத்திரம்" ஆளிடம் போகாமல் முறையாகப் படித்த அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இதற்குச் செலவே கிடையாது.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். இதை நான் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மேல்தோல் மட்டும் போயிருந்தால் ஓரங்களிலிருந்தும் மயிர்க்கால்களின் உட்சுவரிலிருந்தும் புதுச் செல்கள் ஊர்ந்துவந்து ஒரு வாரத்துக்குள் மூடிவிடும். மூடியது முதலில் வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசாக, ஈரமாக, பளபளப்பாக இருக்கும். மேல்தோல் அடியிலிருந்து உச்சிவரை ஒரு சுற்றுப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. காயம் அடித்தோல்வரை போயிருந்தால் கணக்கே வேறு. முதல் சில நாள் வீக்கமும் சிவப்பும், உடம்பு குப்பையைக் கூட்டுகிற நேரம். அப்புறம் சுமார் 3 வாரம் வரை செக்கச்செவேல் என்று புதுச் சதை வளர்ந்து குழியை நிரப்பும். அதற்கும் பிறகு, உள்ளே கொலாஜன் நார்களை வரிசைப்படுத்திப் பின்னுகிற வேலை மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருஷம் வரை நடக்கும். வடுவின் பலத்தை அளந்து மருத்துவப் பாடப்புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். முதல் வார முடிவில் பழைய தோலின் பலத்தில் 3 சதவீதம்தான் வந்திருக்கும். 3 வாரத்தில் 20 முதல் 30. 3 மாதத்தில் 80 சதவீதம் வரை ஏறும், அதற்கு மேல் ஏறுவதில்லை. தென்னை நார் வந்து சேர்ந்துவிட்டது, கயிறு இன்னும் திரிக்கவில்லை என்பது போல. பன்னிரண்டாம் நாள் நான் அம்பாசமுத்திரம் கிளம்பியபோது திரிக்காத நாரை நம்பித்தான் 80 கிலோமீட்டர் உட்கார்ந்தேன்.

சீழ்க்கட்டியில் இன்னொரு சிக்கல். உள்ளே குழி இருக்கும்போதே மேல்தோல் மூடிவிடும். அதனால்தான் கீறி சீழ் எடுத்த பிறகு மருத்துவர்கள் தையல் போடாமல் திறந்தே விடுகிறார்கள், குழிக்குள் காஸ் துணித் திரியை வைத்து அடியிலிருந்து மேலே ஆறி வரச் செய்கிறார்கள். தினமும் கட்டு மாற்றுவது பெரிய உபத்திரவம்தான். ஆனால் மேல் வாய் அவசரமாக மூடிக்கொண்டால் மிச்சச் சீழ் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். எனக்கு முதல் தடவை உடைந்தபோது நடந்தது அதுதான்.

எத்தனை நாள் என்று கேட்டால் நான் சொல்வது இது. வெறும் சிவப்பும் எரிச்சலும் என்றால் எரிச்சல் முழுக்க நின்றதிலிருந்து இன்னும் 3 நாள். கட்டி வந்து உடையாமலே அமுங்கிவிட்டது என்றால் வலி நின்றதிலிருந்து ஒரு வாரம், அதுவும் அடியில் கெட்டியாக எதுவும் தட்டுப்படாவிட்டால். உடைந்தது என்றால் மூடிய நாளிலிருந்து இரண்டு வாரம். கீறியது என்றால் மருத்துவர் சொல்கிற நாள்தான். எனக்கு 5 வாரம் ஆனது. இது பத்திருபது பேர் பட்டதையும் என் அனுபவத்தையும் சேர்த்து நான் போட்ட கணக்கு, சட்டம் இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் தாமதமாகும். ஓட்டாமல் இருந்தால் தெம்பு போய்விடுமே என்ற பயம்தான் நிறையப் பேரை முன்னதாகவே சீட்டில் ஏற்றுகிறது. பத்துப் பன்னிரண்டு நாளில் குறைகிற தெம்பு மிகக் கொஞ்சம், திரும்ப ஓட்டத் தொடங்கினால் வந்துவிடும். திரும்பக் கட்டி வந்தால் போகிற மாதங்கள்தான் பெரிய நஷ்டம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, 10 - 15 நிமிடம், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், அல்லது பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான நீர் விட்டு அதில் உட்காருவது. பிறகு ஒற்றி உலர்த்தி, தளர்வான லுங்கியோ பாவாடையோ கட்டிக்கொண்டு காற்றாட விடுவது. பிதுக்கவே கூடாது. முளை வரட்டும் என்று அழுத்தினால் சீழ் வெளியே வருகிற அளவுக்கு உள்ளேயும் போகும். கட்டிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. காலிலோ முதுகிலோ போட்டு என்ன ஆனதோ, கவட்டையின் மெல்லிய தோலில் சுண்ணாம்பு சுட்டுப் புண்ணைப் பெரிதாக்கிவிடும். தண்ணீர் கலக்காத டெட்டாலும் அப்படித்தான், கிருமியோடு புதுச் சதையையும் கொல்கிறது. டால்கம் பவுடர் வியர்வையில் நனைந்து மடிப்புகளில் கட்டி கட்டியாகத் திரண்டு உரசும். ஆற்றுக் குளியல் நமக்கு உயிர் மாதிரி. ஆனால் வாய் திறந்த புண்ணோடு தாமிரபரணியில், அதிலும் ஊருக்குள் சாக்கடை கலக்கிற பகுதிகளில், இறங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற டியூப் களிம்புகளைப் பற்றி. இடுக்கில் அரிப்பு, படை என்று சொன்னாலே கையில் வருவது பல சமயம் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டையும் கலந்த களிம்பு. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும், நல்ல மருந்து என்று நாமும் நாலு பேருக்குச் சொல்வோம். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்குகிறது, பூஞ்சையோ உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிகிற அளவுக்குக் காகிதமாகிவிடும். வீரியமான ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது இந்தச் சேதத்தைப் பார்த்துத்தான். சீட்டில் உட்கார வேண்டிய தோலை மெலிய வைக்கிற மருந்தை நாமே தேடி வாங்குவது எவ்வளவு விபரீதம்.

மருத்துவரிடம் உடனே போக வேண்டியது எப்போது? காய்ச்சல் வந்தால். சிவப்பு கையகலம் பரவினால், அல்லது சிவப்புக் கோடாக ஓடினால். கட்டி எலுமிச்சை அளவு தாண்டினால். வலி, பார்க்கிற புண்ணின் அளவுக்குப் பொருந்தாமல் மிக அதிகமாக இருந்தால். கடைசியில் சொன்னது முக்கியம், அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு. கவட்டைப் பகுதியில் தொற்று ஆழமாகப் பரவித் திசுக்களே அழுகிப்போகும் ஃபோர்னியர் கேங்ரின் என்ற நிலை அரிதானது, ஆனால் மணிக்கணக்கில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். நாளைக் காலை பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது. இன்னொன்று: ஒரே வருஷத்தில் மூன்று நான்கு தடவை கட்டி வந்தவர்கள் சைக்கிள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதை ஆறாத கட்டியால் தெரிந்துகொண்டவர்கள் நிறைய.

பெரிய பந்தயக்காரர்களுக்கும் இது வந்தது, அவர்களும் விலை கொடுத்தார்கள். 1987-இல் ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் அயர்லாந்தின் ஷான் கெல்லி முதலிடத்தில் இருந்தார். முடிய மூன்று நாள்தான் பாக்கி. சீட்டுப் புண் தாங்காமல் இறங்கிவிட்டார். அடுத்த வருஷம் அதே பந்தயத்தை ஜெயித்தார். பிரான்சின் லூயிசோன் போபே 1955-இல் புண்ணோடேயே டூர் டி பிரான்ஸை ஓட்டித் தொடர்ந்து மூன்றாவது முறையாக ஜெயித்தார், பிறகு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. டூர் டி பிரான்ஸை அதற்குப் பிறகு அவர் ஜெயிக்கவே இல்லை. 1989-இல் அதே டூர் டி பிரான்ஸில் லோரான் ஃபின்யோன் கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் நேரப் பந்தயத்தைச் சீட்டுப் புண்ணோடு ஓட்டி, மொத்தப் பட்டத்தையே 8 விநாடியில் இழந்தார். இந்த மூவரில் எனக்கு மனசு ஒட்டுவது கெல்லியோடுதான். முதலிடத்தில் இருக்கும்போது இறங்குவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்.

சரி, புண் ஆறுகிறது. அந்த வாரங்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பது.

என் புண் இரண்டு தடவையும் வலது பக்கமே வந்தது. மேற்கிலிருந்து அடித்த பக்கக்காற்றுதான் காரணம், உடம்பை ஒரு பக்கம் சாய்த்தே ஓட்டியிருப்பேன் என்று நான் முடிவு செய்திருந்தேன். சமாதானபுரம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"தம்பி, போகையில காத்து வலது பக்கம்னா வரையில இடது பக்கம்லா அடிச்சிருக்கும்? பொறவு ஒரே பக்கம் எப்படி புண்ணாவும்?"

எனக்குப் பதில் இல்லை. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எதிரே வேலை நடந்த வீட்டிலிருந்து கொத்தனாரின் ரசமட்டத்தை வாங்கிவரச் சொன்னார். முதலில் அதைத் தரையில் வைத்து, சைக்கிள் நேராக நிற்கும்படி ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தகரத் துண்டைச் சொருகினார். பிறகு சீட்டின் பின்பக்க அகலத்தில் குறுக்கே வைத்தார். குமிழி நடுக்கோட்டில் நிற்காமல் இடது பக்கம் ஓடியது. அதாவது வலது பக்கம் தாழ்ந்திருக்கிறது. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளில் வலது கம்பி கவ்வியின் ஓரத்தில் லேசாக வளைந்திருந்தது. என்றோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் ஆகியிருக்கும். மேலே உறையைப் பார்த்தால் வலது ஓரம் மட்டும் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளத்தது.

"இந்தா பாருங்க, எல்லாம் இங்க எழுதியிருக்கு. நீங்க காத்த போட்டு வையுதிய," என்றார்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கும்போது அவர் இன்னும் இரண்டு காரியம் சொல்லித்தந்தார். கடைக்கு வெளியே படியில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டைப் போட்டு அதில் என்னை உட்காரச் சொல்லி, முழங்காலைத் தூக்கி முன்னால் சாயச் சொன்னார். எழுந்ததும் அட்டையில் எலும்பு முண்டுகள் இரண்டு பள்ளம் விட்டிருந்தன. பள்ளத்துக்குப் பள்ளம் நடுவே 12 செ.மீ. சீட்டு அதைவிட இரண்டு செ.மீ. ஆவது அகலமாக இருக்க வேண்டும். பழையது ஒல்லி. பெண்களுக்கு இந்த இடைவெளி பொதுவாக இன்னும் அதிகம். மெத்துமெத்தென்ற ஜெல் சீட்டு வாங்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார். காரணம் எளிது: எலும்பு முண்டுகள் ஜெல்லில் அமிழ, நடுப்பகுதி மேலே எழும்பிக் கவட்டையை அழுத்தும். தொட்டுப் பார்க்கச் சுகமாக இருப்பது மூன்று மணி நேரம் உட்காரச் சுகமாக இருக்காது.

உயரத்தையும் பார்த்தார். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நீட்டமாக வேண்டும், இடுப்பு சாயக் கூடாது. என் சீட்டு ஒரு செ.மீ. கூடுதல் உயரத்தில் இருந்தது. மிதிக்கும்போதெல்லாம் பெடலை எட்ட இடுப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஆடியிருக்கிறது. சீட்டுப் புண்ணுக்கு இந்த ஆட்டத்தைப் போல வழிவிடுவது வேறு இல்லை.

உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்த சைக்கிள் அரைக்கால் சட்டையை வெறும் உடம்பில்தான் போட வேண்டும். அடியில் ஜட்டி போட்டால் அதன் தையல் விளிம்பு நேராக மடிப்பில் விழும், நனைந்த பருத்தி காயாது. ஓட்டி முடித்ததும் கழற்றி, துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் காயப் போட வேண்டும். வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சம் இல்லை. அந்தப் பட்டை பழைய நாளில் நிஜத் தோலில் செய்தது. துவைத்தால் காய்ந்து விறைக்கும் என்பதால் அதை இளக்கத்தான் களிம்பு தடவத் தொடங்கினார்கள். இன்று பட்டை துணியாகிவிட்டது, களிம்பு உரசலைக் குறைக்கிறது. தேங்காய் எண்ணெயோ வாசலினோ கூட உதவும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அரசு தருகிற விலையில்லா சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முக்கூடல், ஆலங்குளம், களக்காடு பக்கமெல்லாம் தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர் மிதிக்கிறார்கள். சைக்கிள் எல்லோருக்கும் ஒரே அளவு. மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரம் உரசும், நனைந்தது காயாது, மாற்ற வசதியும் பல பள்ளிகளில் போதாது. புண் வந்தால் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சம். 2019-இல் பிரிட்டனின் பாராலிம்பிக் சைக்கிள் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட்டு அழுத்தத்தால் தன் பிறப்புறுப்பில் வந்த வீக்கத்தையும் அதற்கு நடந்த அறுவை சிகிச்சையையும் வெளிப்படையாக எழுதினார். தேசிய அணி வீராங்கனைக்கே வாய்திறக்க அவ்வளவு காலம் ஆனது என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு கஷ்டம். அம்மாக்களே, அத்தைகளே, நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சீட்டை இறக்கி மட்டமாக்கிக் கொடுக்கச் சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலைதான்.

ஆணோ பெண்ணோ, ஓட்டும்போது மரத்துப்போனால் உடனே எழுந்து நில்லுங்கள். கவட்டைக்குப் போகிற நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குகின்றன என்று பொருள். இறங்கிய பிறகும் மரப்பு மணிக்கணக்கில் தீராவிட்டால் மருத்துவரைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம். சைக்கிளில் ரோந்து போகிற போலீஸ்காரர்களிடம் ஆய்வு செய்த அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் 2009-இல் மூக்கு இல்லாத சீட்டையே சிபாரிசு செய்தது.

திரும்ப ஏறுகிற நாளுக்கு நான் வைத்துக்கொண்ட சோதனைகள் இவை. மரப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் எதுவும் உறைக்கக் கூடாது. குளிக்கும்போது சோப்பு எரியக் கூடாது. விரலால் அழுத்தினால் அடியில் கெட்டி இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இளக்கமாக இருக்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் பளபளப்பு மங்கி, பக்கத்துத் தோலைப் போல வரி விழுந்திருக்க வேண்டும். நாலும் சரி என்றால் 20 நிமிடம், அவ்வளவுதான். நான் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி இரண்டு மூன்று வட்டம் போட்டேன். மறுநாள் ஓட்டவில்லை, பார்த்தேன். சீட்டில் உட்கார்ந்த இடம் கொஞ்சம் சிவப்பது இயல்பு. அந்தச் சிவப்பு ஓர் இரவுக்குள் மறைய வேண்டும், மறுநாளும் இருந்தால் இன்னும் மூன்று நாள் விடுப்பு.

இரண்டாம் வாரம் திருநெல்வேலி ஜங்ஷன் வரை, ஒருநாள் விட்டு ஒருநாள். 1973-இல் மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம் என்று கட்டிய ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியில் திரும்பி வருவேன். வேகத்தடை, பள்ளம், தண்டவாளம் எது வந்தாலும் பெடலில் எழுந்து நின்றே கடந்தேன். மேடு பள்ளம் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை நிமிடம் எழுந்து நின்றால் நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்ப ஓடும். வீட்டுக்குள் நிறுத்தி ஓட்டுகிற டிரெய்னரில் ஆரம்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் சைக்கிள் ஆடாது, நாமும் எழமாட்டோம், காற்றும் இல்லை. ஆறின புண்ணுக்கு அது ரோட்டைவிடக் கடினம்.

மூன்றாம் வாரம் திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம். நான்காம் வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி. ஒரு சின்ன நோட்டில் தேதி, தூரம், மறுநாள் தோல் எப்படி இருந்தது என்று குறித்துவருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு இப்படி இருக்கிறது: "செய்துங்கநல்லூர், போகவர 30 கி.மீ. வலது ஓரம் லேசான சிவப்பு. சாயங்காலம் இருந்தது, காலையில் இல்லை. ரசமட்டம் பார்த்தாச்சு, நடுவில் நிற்கிறது." கூட ஓட்டுகிற தம்பிகள் அடுத்த ஞாயிறு ஸ்ரீவைகுண்டம் போகலாம் என்று கூப்பிடுகிறார்கள். நான் இந்த வாரமும் செய்துங்கநல்லூர் வரைதான்.